ஹந்தானைச் செடிக்கு அம்பிட்டிய வேலியில் இடம் வேண்டும்

கண்டி வாவியைக் கடந்து தலாத்துஓயாப் பக்கம் ஏறும் வீதியில், ஹந்தானை மலைத்தொடரின் கிழக்குச் சரிவை ஒட்டி அமைந்திருக்கிறது அம்பிட்டிய. கண்டிப் பகுதிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. கணக்கைப் பார்த்தால் வரட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த மழை பன்னிரண்டு மாதமும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை வானம் கைவிரித்துவிடும். மேட்டு நிலத்து வீடுகளில் குழாய்த் தண்ணீரின் வேகம் குறையும். சரிவில் வெட்டிச் சமன் செய்த முற்றங்களில் மேல்மண் அரை அடிகூட இருக்காது. அதற்குக் கீழே சரளை. பெப்ரவரி வெயிலில் அந்த மண் பொடிப்பொடியாகிறது. அப்போதுதான் வீட்டுக்காரர்கள், தண்ணீர் கேட்காத செடி ஏதாவது உண்டா என்று செடி விற்கும் இடங்களில் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடேனியம், போகன்வில்லா, டுரண்டா, வெளிநாட்டுக் கள்ளி வகைகள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்கான விடை கூப்பிடு தூரத்தில், ஹந்தானைச் சரிவிலேயே வளர்ந்து நிற்கிறது. அதை வீட்டுவேலிக்குக் கொண்டுவர வேண்டும். காட்டிலிருந்து ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதே என் வாதம்.

வரட்சியைத் தாங்கும் செடி என்றவுடன் பாலைவனச் செடியை நினைப்பது பெரும்பாலோரின் வழக்கம். அம்பிட்டியவுக்கு அது பொருந்தாது. இங்கே ஒரு செடி இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். ஒன்று, மழையில்லாத இரண்டரை மாதம். மற்றது, ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல்தோறும் இடியோடு கொட்டி, வேரடி மண்ணை நாட்கணக்கில் ஊறவைக்கும் மழை. அடேனியம் முதல் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். இரண்டாவதில் அடித்தண்டு அழுகிவிடும். நம் நாட்டுச் செடி என்பதற்காக மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வறண்ட வெளிகளில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் ஆவாரையைக் கொண்டுவந்து நட்டாலும் இதே சிக்கல்தான். ஆவாரையின் அருமையில் குறையில்லை. அது பழகிய நிலம் வேறு, ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருக்கும் மலைச்சரிவு வேறு. இலங்கை சிறிய தீவுதான். ஆனாலும் மன்னாருக்கு உரியது கண்டிக்கும் உரியதாகிவிடாது. வெயிலையும் அடைமழையையும் மாறிமாறித் தாங்கும் தகுதி, இதே மலையின் திறந்த சரிவுகளில், பத்தனைப் புல்வெளிகளின் ஓரங்களில், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இரண்டையும் அனுபவித்து வந்த செடிகளுக்கே உண்டு.

அவற்றில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிங்களத்தில் ஹீன் போவிட்டியா என்பார்கள். தாவரவியலில் ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத புதர்ச்செடி இது. ஆள் உயரத்துக்கு மேல் போவது அரிது. இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால், காம்பிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் நரம்புகள் தெரியும். குறுமயிர் படர்ந்த மேற்பரப்பு விரலுக்குச் சொரசொரக்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நான்கு இதழ்கள், நடுவே எட்டு மகரந்தத் தாள்கள். அந்தத் தாள்களில்தான் இச்செடியின் விசேஷம் இருக்கிறது. பல பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துத் தூளைக் கொட்டிவிடும். இந்தக் குடும்பத்துப் பூக்களில் மகரந்தப்பையின் நுனியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு வாசல் மட்டுமே உண்டு. பூவைக் கவ்விக்கொண்டு, பறக்காமலே மார்புத் தசைகளை அதிரவைத்து ரீங்கரிக்கத் தெரிந்த வண்டினத்துக்குத்தான் அந்த வாசலிலிருந்து தூள் உதிரும். நம் வீடுகளின் மர வளைகளில் துளையிட்டுக் கூடுகட்டும் கருவண்டுக்கு அந்த வித்தை தெரியும், தேனீக்குத் தெரியாது. மாதந்தோறும் கத்தரித்து, பூக்கவே விடாமல் நிறுத்தப்படும் குரோட்டன் வேலியால் கருவண்டுக்கு எந்தப் பயனும் இல்லை. வேலிச்செடியை மாற்றும்போது அந்தத் தோட்டத்துக்கு வந்துபோகும் உயிர்களும் மாறுகின்றன. மலைச்சரிவில் தொடர்ச்சியாக அமைந்த ஐம்பது வீட்டு வேலிகள், காட்டுத் துண்டுகளுக்கிடையே இவ்வுயிர்களுக்கு ஒரு வழிப்பாதையாகவே ஆகிவிடலாம்.

ஹீன் போவிட்டியா அரிய செடியா என்று கேட்கலாம். இன்றைக்கு அது அழிவின் விளிம்பில் நிற்கவில்லை. ஆனால் ஈரல் நோய்க்கான நாட்டு மருந்தாக நெடுங்காலமாகப் பேர்பெற்ற செடி இது. இலைக்கஞ்சியில் சேர்க்கிறார்கள், உலர்த்திய இலை பக்கற்றுகளில் விற்பனையாகிறது. 1987இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், ஈரல் பாதிப்புக்கு எதிராக இதன் சாறு வேலை செய்வதை ஆய்வுக்கூட விலங்குகளில் காட்டியிருக்கின்றன. (இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டு யாரும் வைத்தியரின் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.) மருந்துக்குக் கேள்வி கூடக்கூட, பயிரிடாமல் காட்டிலிருந்தே பறிக்கும் செடிக்கு என்ன நேரும் என்பது தெரிந்த கதை. ஒரு பக்கம் பறிப்பு. இன்னொரு பக்கம் வீடுகள் மலையேறுகின்றன. கோடையில் ஹந்தானையின் புல்வெளியிலும் பைனஸ் தோப்புகளிலும் தீ பிடிக்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களை மதிப்பிட்ட 2012ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியல், அவற்றில் ஏறத்தாழ 44 சதவீதம் அச்சுறுத்தலில் இருப்பதாகக் கணித்தது. அந்தப் பட்டியலில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, ஏறிய பிறகு விதை தேடி அலைவது தலைகீழான வேலை. எளிதாக விதை கிடைக்கும் காலத்தில் பரப்ப வேண்டும்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் தாவரவியலாளராக இருந்தவர் மயூரநாதன். சென்னை நகரத்துப் பூக்கும் தாவரங்களைப் பற்றி 1929இல் நூல் எழுதியவர். அவர் பெயரைத் தாங்கிய கள்ளி ஒன்று இருக்கிறது: யுபோர்பியா மயூரநாதனி. நம் சதுரக்கள்ளியின் நெருங்கிய உறவு. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட, வெயிலுக்கும் வரட்சிக்கும் அஞ்சாத புதர். இன்று அந்தக் கணவாயில் அது இல்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதை, காட்டில் அற்றுப்போன இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. உலகில் அந்த இனம் எஞ்சியிருப்பதெல்லாம் தாவரவியல் பூங்காக்களிலும் கள்ளிப் பிரியர்களின் தொட்டிகளிலும்தான். வரட்சியைத் தாங்கும் வலிமை அதைக் காப்பாற்றவில்லை. யாரோ ஒருவர் ஒரு துண்டை ஒடித்து மண்ணில் ஊன்றி வைத்ததுதான் காப்பாற்றியது.

இலங்கையிலும் இத்தகைய கதைகள் உண்டு. சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த அல்போன்சியா ஹோர்ட்டென்சிஸ் என்ற மரம், 1998இல் சர்வதேச ஒன்றியத்தின் மதிப்பீட்டில் காட்டில் அற்றுப்போனதாகப் பதியப்பட்டது; அந்த இனத்தை அறிய உதவியவை பேராதனைப் பூங்காவில் நின்ற மரங்கள். குருடியா சைலானிக்காவின் கதையைப் பலர் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். அற்றுப்போயிற்று என்று 2012இல் கைகழுவப்பட்ட மரம் அது. 2019இல் கம்பஹா மாவட்டத்தின் தரலுவையில், ஊர் நடுவே உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக வெட்டப்பட இருந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். அரிய தாவரம் என்றால் மனிதக் காலடி படாத அடர்காட்டில் மட்டுமே இருக்கும் என்ற எண்ணத்தை இவை தகர்க்கின்றன. வீதியோரமும் வேலியோரமும் கொல்லைப்புறமும்கூடச் சில இனங்களின் கடைசிப் புகலிடமாக இருந்திருக்கின்றன. அப்படியிருக்க, வீட்டுத் தோட்டத்தைப் பாதுகாப்புப் பணியின் வெளியே நிறுத்திவைப்பதில் நியாயமில்லை.

இந்த இடத்தில் தாவரவியலாளர்கள் ஓர் எதிர்வாதத்தை வைப்பார்கள். அது வலுவானது, சுற்றிவளைக்காமல் எதிர்கொள்ள வேண்டியது. தோட்டத்தில் ஒரு செடி உயிரோடு இருப்பதும் ஓர் இனம் உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல என்பார்கள். உண்மை. பசிபிக் சமுத்திரத்தின் ஈஸ்டர் தீவில் டொரொமிரோ என்ற சிறுமரம் இருந்தது. கடைசியாக நின்றது 1960இல் வெட்டப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கே ஆய்வுக்குப் போன நோர்வே நாட்டவர் தோர் ஹையர்டால் கொண்டுவந்த விதைகளிலிருந்து ஐரோப்பியப் பூங்காக்களில் அது வளர்ந்தது. இனம் பிழைத்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தாயகத்தில் திரும்ப நடும் முயற்சிகள் 1960களிலிருந்து அடுத்தடுத்துத் தோற்றன. மண் மாறியிருந்தது, வேரோடு வாழ்ந்த நுண்ணுயிர்கள் போயிருந்தன, எஞ்சிய மரங்களெல்லாம் மிகச் சில தாய்மரங்களின் வாரிசுகளாக இருந்ததால் இனத்துக்குள் வேறுபாடும் இல்லை. ஆகவே ஹந்தானையை இழந்துவிட்டு அதன் செடிகளை முற்றத்தில் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதை முழுமூச்சாக எதிர்க்க வேண்டும். 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அந்த மலை அப்படியே நிற்பதுதான் முதல் தேவை. தோட்டத்தின் பங்கு அதற்கு அடுத்தது, துணைப்பங்கு. ஆனால் டொரொமிரோ சொல்லும் பாடத்தைக் கூர்ந்து பார்த்தால், அது தோட்டத்தில் வளர்க்காதே என்று சொல்லவில்லை. காலம் தாழ்த்தி, ஒன்றிரண்டு மரங்களிலிருந்து மட்டும் வளர்க்காதே என்றே சொல்கிறது. ஒரே செடியின் தண்டுகளை ஒடித்து நூறு வீடுகளுக்குக் கொடுத்தால், நூறு வீடுகளிலும் இருப்பது அதே ஒரு செடிதான். ஒரு நோய் வந்தால் நூறும் ஒன்றாகப் போகும். பல தாய்ச்செடிகளிலிருந்து விதை எடுத்து நாற்று வளர்த்தால் நூறு வீடுகளில் நூறு வெவ்வேறு செடிகள். தண்டு ஊன்றுவது எளிது, விதை முளைக்கவைப்பது பொறுமை கேட்கும் வேலை. இந்த விஷயத்தில் கடினமான வழியையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் எனக்கு இதைவிடக் கவலை தருவது. ஒரு காட்டுச்செடியைப் புகழ்ந்து எழுதினாலே அதற்கு ஆபத்து என்பார்கள் சிலர். வல்லப்பட்டையின் கதி அவர்களுக்குச் சாட்சி. ஈர வலயக் காடுகளிலும் கிராமத்துத் தோட்டங்களிலும் யாரும் கவனிக்காமல் நின்ற மரம் அது. அகில் போன்ற வாசனைப் பிசின் அதில் உண்டு என்ற செய்தி பரவியதும், 2012ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து அதை வெட்டிக் கடத்துவது பெருகியது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் அடுத்தடுத்துப் பிடித்தார்கள். ஆசையைக் கிளப்பிவிட்டு வழியைக் காட்டாவிட்டால் அதுதான் நடக்கும். கண்டியில் ஒரு செடிக்கு மவுசு வந்து, அது எந்த நாற்றுமேடையிலும் கிடைக்காமல் போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் மண்வெட்டியோடு ஹந்தானைக்கு ஏறுவார். ஆனால் இதற்குப் பரிகாரம் மௌனம் என்று நான் நம்பவில்லை. ஹீன் போவிட்டியாவை மருந்துக்குப் பறிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்; பத்திரிகை எழுதாததால் அவர்கள் நின்றுவிடவில்லை. வளர்த்த செடி மலிவாகவும் நம்பகமாகவும் கிடைக்கும்போதுதான் காட்டுச்செடியைப் பிடுங்குவதில் இலாபம் குறையும். மேலும், காட்டிலிருந்து பெயர்த்த வளர்ந்த புதர் பெரும்பாலும் பிழைப்பதில்லை. சரளை இடுக்குகளில் ஆழ இறங்கிய வேர் மண்வெட்டியில் அறுந்துவிடும். கொண்டுவந்து நட்டால் இரண்டு வாரம் பச்சையாக நின்றுவிட்டுக் காய்ந்துபோகும். காட்டுக்கும் நட்டம், வீட்டுக்கும் பயனில்லை. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது: வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரங்களுக்கென்றே தனி அட்டவணை உண்டு.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். தண்ணீர் கேட்காது, பூக்கும், பராமரிப்பு வேண்டாம் என்று இதற்கு முன்பும் செடிகளைப் பரப்பினார்களே, அவை என்ன ஆயின? நியாயமான கேள்வி. நாயுண்ணிச் செடி பேராதனைப் பூங்காவின் வழியாகத்தான் அழகுச்செடியாக இந்நாட்டுக்கு வந்தது. வரட்சியைத் தாங்குவது, எந்த மண்ணிலும் வளர்வது, நிறையக் காய்ப்பது என்று ஒரு தோட்டக்காரர் விரும்பும் எல்லாக் குணமும் அதற்கு இருந்தன. அதே குணங்களால் இன்று உடவளவையில் யானைகளின் புல்வெளியை அது விழுங்குகிறது. கண்டி நகரின் உடவத்தைக்கலைக் காட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த பல்சம் மரத்தின் கன்றுகள் நிலத்தை மூடி, உள்ளூர் மரங்களின் கன்றுகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. ஆகவே ஒரு செடியின் கடினத்தன்மை மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கப் போதிய காரணமாகாது. அது எந்த நிலத்துக்கு உரியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் தாயகத்தில் ஒரு செடிக்கு அதைத் தின்னும் புழுவும் உண்டு, அதற்கு வரும் பூசணமும் உண்டு, அதோடு போட்டியிடும் புல்லும் உண்டு. ஹீன் போவிட்டியா ஹந்தானையில் காலங்காலமாக இருந்தும் மலையை மூடிவிடவில்லை. இதே காரணத்துக்காக, அதன் உறவுகளான ஒஸ்பெக்கியா லனாட்டா, ஒஸ்பெக்கியா ருபிகுண்டா போன்றவற்றை, அரியவை, அழகானவை என்பதற்காக நுவரெலியாப் பக்கத்து உயர்மலைகளிலிருந்து அம்பிட்டியவுக்கு இறக்கவும் கூடாது. அவை குளிர்மலைக்கு உரியவை. இங்கே வந்தால் வாடிச் சாகும். ஒருவேளை பிழைத்துக்கொண்டால், நெருங்கிய உறவுகள் ஒன்றோடொன்று கலந்து ஹந்தானைச் செடியின் தனித்தன்மையைக் குலைக்கும் அபாயமும் உண்டு.

நிலமில்லாதவர்களுக்கு இந்தப் பேச்சு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வீட்டுத் தோட்டம் என்பது சோற்றுக்கான வழியாகவே ஆனது. அந்த ஆண்டு ஜூனில், பயிர் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கவே அமைச்சரவை தீர்மானித்தது. ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கு முன்னால் உள்ள நான்கு பாத்திகளில் போஞ்சியும் கோவாவும் போடும் குடும்பத்திடம், அந்த இடத்தில் பூச்செடி நடுங்கள் என்று சொல்வது இரக்கமற்ற செயல். நான் கேட்பது பாத்தியை அல்ல, வேலியை; அதுவும் வேலியும் முற்றமும் வைத்திருப்பவர்களிடம். அம்பிட்டியவிலும் சுற்றுப்புறத்திலும் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் எழுந்த வீடுகளின் மதிலோரங்கள், வாகனம் ஏறும் பாதையின் இரு பக்கங்கள், மண்வெட்டிச் சமன் செய்த இடத்துக்குக் கீழேயுள்ள சரிவுகள் ஆகிய இடங்களில் இன்று எந்தக் காய்கறியும் விளைவதில்லை. அங்கே டுரண்டாவும் குரோட்டனும் நிற்கின்றன. அந்த இடத்தைத்தான் கேட்கிறேன். தவிர, உணவுக்கும் காட்டுச்செடிக்கும் பகை என்பது கண்டிக்கு ஒவ்வாத கருத்து. பலாவும் தென்னையும் கித்துளும் மேலே, கோப்பியும் கொக்கோவும் ஜாதிக்காயும் நடுவே, மரத்தில் ஏறிய மிளகு, கீழே மூலிகைகள் என்று அடுக்கடுக்காக நிற்கும் கண்டியின் வீட்டுத் தோட்டத்தை உலகெங்கும் வேளாண் காடு பற்றி எழுதுபவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கஞ்சிக்கு இலை தரும் ஒரு புதர் அந்தத் தோட்டத்தில் எப்போதும் இடம்பெறக்கூடியதே. புதர் வளர்த்தால் பாம்பு வரும் என்ற பயமும் பலருக்கு உண்டு. அடியில் குப்பை சேரவிடாமல், தரையிலிருந்து ஓர் அடிக்குக் கிளைகளை ஒழுங்குபடுத்தினால் டுரண்டா வேலியைவிட இதில் அபாயம் கூடுதலாக இருக்கக் காரணமில்லை.

சரிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மை. மழைநீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுவதைப் புதர்வேலி குறைக்கும். ஆனால் மண்சரிவை எந்தப் புதரும் தடுக்காது. மலையைச் செங்குத்தாக வெட்டி, தடுப்புச்சுவரும் வடிகாலும் இல்லாமல் வீடு கட்டிவிட்டு, மேலே செடி நட்டிருக்கிறோம் என்று யாரும் நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

வளர்ப்பு முறைக்கு வருவோம். வரட்சியைத் தாங்கும் செடி என்றால் நட்ட நாளிலிருந்தே தாங்கும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாந்து, உள்ளூர்ச் செடி சரிப்படாது என்ற முடிவுக்கு வருகிறார்கள். தம்புள்ளையில் 1963இல் சாம் பொப்ஹாம் தொடங்கிய மரப்பூங்கா இதற்கு நல்ல பாடம். கடற்படையிலும் பிறகு தேயிலைத் தோட்டத்திலும் பணியாற்றிய ஆங்கிலேயர் அவர். உலர்வலயத்து மரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆவலில் கன்றுகளை நட்டார். கோடையில் அவை கருகின. அருகிலேயே, முட்புதர்களுக்கிடையே தானாக முளைத்திருந்த கன்றுகளோ அதே கோடையைத் தாண்டி நின்றன. அதைக் கண்டதும் நடுவதைக் குறைத்துக்கொண்டு, முட்புதர்களை மட்டும் களைந்து, தானாக முளைத்தவற்றுக்கு வெளிச்சமும் இடமும் விட்டார். சில ஆண்டுகளில் காடு எழுந்தது. அந்தப் பூங்கா, கண்டி ஹந்தானை வீதியில் இருக்கும் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தது. செடியின் தாங்குதிறன் வேரில் இருக்கிறது, வேர் இறங்கக் காலம் வேண்டும் என்பதுதான் பொப்ஹாம் கண்டது. அம்பிட்டியவில் அந்தக் காலத்தை மழையே கொடுக்கிறது. ஒக்டோபர் மழை தொடங்கியவுடன் நட்டால் ஜனவரிக்குள் மூன்று மாதம் கிடைக்கும். மார்ச்சில் நட்டால் செடியைக் கொல்வதற்காகவே நட்டதாகும். குழியில் பசளையைக் கொட்டி நிரப்பவும் வேண்டாம். ஊட்டம் மிகுந்தால் தழை கொழுக்கும், வேர் சோம்பும். முதல் கோடையில் வாரம் இருமுறை, மேலாகத் தெளிக்காமல் வேரடி நனைய நின்று ஊற்ற வேண்டும். காய்ந்த இலைகளை அடியில் பரப்பி வைக்க வேண்டும். இரண்டாவது கோடையில் வாடும் நாளில் மட்டும் ஊற்றினால் போதும். அதன் பிறகு செடி தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். விதை மிக நுண்ணியது. மண்ணுக்குள் புதைக்காமல் ஈரமணலின் மேலேயே தூவி, கண்ணாடியோ பொலித்தீனோ மூடி நிழலான வெளிச்சத்தில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியாகச் செய்ய முடியாது. விதை எங்கே, யாருடைய அனுமதியோடு எடுப்பது என்பதே முதல் தடை. இங்கேதான் பேராதனைக்கு ஒரு கடமை இருக்கிறது. 1821இல் தொடங்கிய அந்தப் பூங்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வெளிநாட்டுப் பயிர்களை இத்தீவில் பழக்கிப் பரப்பும் மையமாகவே இயங்கியது. சின்கோனாவுக்காக 1861இல் ஹக்கலையில் தனிப் பூங்காவே அமைத்தார்கள். அங்கிருந்து நாற்றுகள் தோட்டத்துரைமாருக்குப் போயின. ஒரு செடியை விதையிலிருந்து வளர்த்து, ஆயிரக்கணக்கில் பெருக்கி, மக்கள் கையில் சேர்க்கும் நுட்பம் அந்நிறுவனத்துக்கு இருநூறு ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த மலையின் சொந்தச் செடிகளுக்குத் திருப்ப வேண்டும் என்பதே கோரிக்கை. ஹந்தானையின் பல இடங்களிலிருந்து, உரிய அனுமதியோடு, எந்தச் செடியிலும் ஒரு சிறு பங்குக்கு மேல் எடுக்காமல் விதை சேகரிக்கலாம். தாய்ச்செடிகளை அடையாளமிட்டுப் பதிவேடு வைக்கலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மாணவர்களும் அடிப்படை ஆய்வுகள் நிறுவனமும் இதில் கைகொடுக்க முடியும். மாநகர சபை தன் பொறுப்பிலுள்ள வீதியோரங்களிலும் பூங்காக்களிலும் முதல் வரிசையை நட்டுக் காட்டலாம். அம்பிட்டியவின் குருமடமும் பாடசாலைகளும் பெரிய வளவுகளை வைத்திருக்கின்றன. பத்து வீட்டு வேலிகளால் முடியாத அளவுக்குச் செடிகளை ஒரே வளவில் நிறுத்தி, ஆண்டுதோறும் விதை தரும் இடமாக அவற்றை ஆக்கலாம். விற்கும் ஒவ்வொரு கன்றிலும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: செடியின் சிங்களப் பெயர், தமிழில் வழங்கும் பெயர், விதை எடுத்த மலைப்பகுதி, விதைத்த மாதம். அந்தச் சீட்டு இல்லாத காட்டுச்செடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்புவது வாங்குபவரின் பங்கு. அடுத்த ஒக்டோபரில் நடுவதற்குக் கன்று வேண்டுமென்றால், விதைத் தட்டுகளை இந்த ஆண்டே நிரப்பியாக வேண்டும்.